மூன்றாம் மாடிக் கணக்கு

பட்டியல் நூற்று அறுபது பக்கம். அதைக் கொண்டுவந்த அலுவலக ஊழியர் என் மேஜைமேல் வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கிவிட்டார். கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்களுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கும் போல.

நான் மாநகர நூலகத்தின் மூன்றாம் மாடிக்குப் பொறுப்பாளர். கீழ் மாடிகளில் இருப்பவை வீட்டுக்கு எடுத்துப்போகிற புத்தகங்கள். என் மாடியில் இருப்பவை கட்டடத்தை விட்டு வெளியே போகாத ஆய்வு நூல்கள்: நில அளவைத் தொகுதிகள், மழைக் கணக்கு, தொழிற்சாலை ஆய்வறிக்கைகள், மூடிப்போன சங்கங்களின் ஆண்டு மலர்கள். மொத்தம் பதினேழாயிரம். வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போக வேண்டும். பத்தொன்பது வருடமாக இந்தப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டேன்.

பட்டியலின் தலைப்பு, "ஐந்தாண்டுகளாகப் பயன்பாடு இல்லாத நூல்கள்: நீக்கத்துக்கு." பதினான்காயிரத்துச் சொச்சம். எல்லாம் காகிதக் கூழ் ஆலைக்குப் போகும். காலியாகும் இடத்தில் சோபாக்களும் கலந்துரையாடல் கூடமும் வரும். பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை, நூலகக் குழு பொதுமக்கள் முன்னிலையில் கூடி முடிவெடுக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்று நிமிடம் பேசலாம்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். அன்றைக்கே ஒரு மனு எழுதினேன். ஒரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்திதான் வியாழக்கிழமை. அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. நான் மனதுக்குள் வைத்த பெயர் இது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, வாரவிடுப்பு வியாழன், நான்கு வருடமாக ஒரு வியாழன் தவறியதில்லை. அவளுடைய அப்பா கூரைத் தகடு செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் தூசி அறையில் நின்றவர். நுரையீரல் போய்ச் செத்தார். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர். அந்தச் சாவுகளை வேலையால் வந்த சாவு என்று பதியச் சொல்லிப் பதினொரு குடும்பங்களும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கின்றன. ஆலை நிர்வாகமோ, தூசி அறை என்று ஒன்று இருந்ததே இல்லை என்கிறது.

இருந்தது என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியிருப்பவை எங்கள் மாடியில் உள்ள இருபத்துமூன்று ஆய்வறிக்கைத் தொகுதிகள்தான். நகல் போதாது, மூலத்தை வரவழைத்துப் பார்ப்போம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம்.

"பட்டியல்ல நம்ம புத்தகம் இல்லையே, மேடம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையெழுத்துப் போட்டாள்.

"நீதான் வாரா வாரம் படிக்கிறியே, அது எப்படிம்மா வரும்?" என்றேன். பட்டியலை நான் அதுவரை முழுதாகப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மனுவை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், குரலை உயர்த்தாதவர். சண்டை போடப் போகிறவளுக்கு இப்படிப்பட்ட ஆள் பெரிய தொல்லை.

மனுவைப் பொறுமையாகப் படித்தார். "கையெழுத்து, யாருக்குப் புத்தகம் பிடிக்கும்னு சொல்லுது மேடம். கணக்கு, யார் தொடுறாங்கன்னு சொல்லுது," என்றார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "இந்தத் தொழிற்சாலை அறிக்கைகளையே பாருங்க. இருபத்துமூணு தொகுதி. அஞ்சு வருஷத்துல பூஜ்யம்."

"பொய்!" என்று கத்தினேன். "போன வாரம்கூட ஒரு பொண்ணு உக்காந்து படிச்சா. என் கண்ணால பார்த்தேன் சார்!"

"அப்படின்னா ஸ்கேன்ல வந்திருக்கணுமே? வாசகர் மேஜையில விட்டுட்டுப் போறதை சாயங்காலம் ஸ்கேன் பண்ணிட்டுத்தானே அலமாரியில வைக்கிறீங்க?"

"ஆமா," என்றேன்.

அந்த 'ஆமா' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"அந்த இருபத்துமூணையாவது விட்டுடுங்க சார், பதினொரு குடும்பம் அதை நம்பி நிக்குது," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருத்தர் வந்து நிப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே விதிதான் மேடம். மன்னிச்சுக்கோங்க."

மாடியேறி வந்து என் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பசைக் குப்பிகளுக்கும் நூலுருண்டைக்கும் அடியில் கையடக்க ஸ்கேனர் கிடந்தது. பொத்தானை அழுத்தினால் உயிர் இல்லை. அதன்மேல் சுற்றியிருந்த காகிதம் ஏழு வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. நான்காம் பத்தி: வாசகர்கள் படித்த நூல்களைத் தாமே அலமாரியில் வைக்கக் கூடாது, மேஜையில் விட்டுச் செல்ல வேண்டும், ஊழியர் ஸ்கேன் செய்த பிறகே அடுக்க வேண்டும், இதுவே பயன்பாட்டுக் கணக்கு. அடியில், "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று என் கையெழுத்து. நூலகராக இருந்துகொண்டு படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

அந்தக் கருவி காணாமல்போன புத்தகத்தைத் தேடுவதற்கு என்றுதான் ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'புத்தகத்தை மேஜையிலேயே விடுங்கள்' என்று மேஜைகளில் ஒட்டிய அறிவிப்பை ஒரே மாதத்தில் நானே பிய்த்துப் போட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள், நடுவில் பேனாவை வைத்து மூடினார்கள், முதுகு பிளந்து கிடந்தது. நான் ஒவ்வொருவரையாகத் திட்டித் திருத்தினேன். எடுத்த இடத்தில் வை. முதுகு வெளியே தெரியும்படி வை. நாற்காலியை உள்ளே தள்ளு. யாராவது மறந்து விட்டுப்போனால் நானே எடுத்து இரண்டு நிமிடத்தில் இடத்தில் சேர்த்துவிடுவேன். பதினேழாயிரத்துக்கும் எனக்கு இடம் தெரியும். மாலை ஆறு மணிக்கு என் மாடியில் மேஜைகள் வெறுமையாகப் பளபளக்கும். அதைப் பார்த்துப் பூரித்துப்போய்த்தான் தினமும் வீட்டுக்குப் போனேன்.

ஆக, எந்த வாசகர் என் பேச்சைக் கேட்டாரோ அவர் படித்த புத்தகமெல்லாம் பூஜ்யம். சொல்பேச்சுக் கேட்காத நாலைந்து பேர், நான் விடுப்பில் இருந்த நாட்களில் விட்டுப்போய், கீழ்மாடி ஆள் தன் கருவியோடு வந்து ஸ்கேன் செய்தவை மட்டும் கணக்கில் ஏறியிருக்கின்றன. பட்டியலை இயக்குநர் போடவில்லை. ஏழு வருடமாக நான்தான் போட்டேன்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். நானும் அக்காவும் ஒரே வீடு. அத்தான் போனபிறகு என்னோடு வந்துவிட்டாள். கூரியர் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். எதையும் பார்சலாகத்தான் புரிந்துகொள்வாள்.

"அதாவது, வந்த பார்சல் எதையும் பதியாமலே கையோட குடுத்து அனுப்பியிருக்க," என்றாள்.

"ஆமா."

"எங்க ஆபீஸ்னா மறுநாளே வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. சுத்தம் சோறு போடும்பாங்க. உன் சுத்தம் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டிருக்கு."

"குழு முன்னாடி சொல்லிடலாம்னு பாக்கறேன்க்கா."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஏண்டி, யாராவது கேட்டாங்களா உன்னை? அந்த டைரக்டருக்கே தெரியாது. தவளை தன் வாயால கெடுமாம். மனுவைக் குடு, ரெண்டு வார்த்தை பேசு, உக்காரு. நடக்கிறது நடக்கட்டும். உனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அவள் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை.

புதன்கிழமை காலை நூலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனேன். எங்கள் மாடி உதவியாளர் அதற்கும் முன்பே வந்திருந்தார். புத்தக வண்டியைத் தள்ளித் தள்ளியே தள்ளுவண்டி என்று பெயர் வாங்கியவர். என் முகத்தைப் பார்த்ததுமே என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா மேடம் இப்படி ஆயிட்டீங்க?" என்றார். "சார்ஜ் போடுங்க. நான் வண்டியைத் தள்ளறேன், நீங்க வரிசையா அடிச்சுக்கிட்டே வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பூஜ்யம் மிஞ்சாது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை தேவாமிர்தமாக இருந்தது. ஸ்கேனருக்கு உயிர் வந்தது. முதல் அலமாரியிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொன்றும் பீப் என்றது. ஒவ்வொரு பீப்புக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. எண்பத்துநான்காவதாகக் கையில் வந்தது துறைமுக மணல் அளவு பற்றிய ஒரு தொகுதி. அதன் மேல்விளிம்பில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. யாரும் தொட்டதே இல்லை. அடுத்ததிலும் தூசி. அதற்கடுத்தது வழவழவென்று இருந்தது. யாரோ அடிக்கடி எடுத்திருக்கிறார்கள். யார்? எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தினேனாம்! எது வாழ்ந்தது, எது சும்மா நின்றது என்று எனக்கே தெரியவில்லை. மூன்றையும் ஒரே மாதிரி பீப் அடித்தால் வழவழப்பானதும் பொய்யாகிவிடும்.

"போதும் அண்ணே," என்றேன்.

"எண்பத்துமூணுதான் ஆச்சு."

"அதுவே எண்பத்துமூணு பொய்."

அவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு டீ வாங்கப் போனார்.

மறுநாள் வியாழன். அவள் வந்தாள், எப்போதும் உட்காரும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள், பதினேழாம் தொகுதியை எடுத்தாள். விரலால் வரி வரியாகத் தடவிப் படிப்பாள். சலவை மருந்தில் வெந்து தோலுரிந்த விரல்கள். மூன்று மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை எழுந்தேன். நாலு தடவையும் ஏதோ ஓர் அலமாரியைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு அவளிடம்தான் பயம். குழுவிடம்கூட அவ்வளவு இல்லை.

முடித்ததும் தொகுதியை எடுத்த இடத்தில் வைத்தாள். முதுகு வெளியே தெரியும்படி. நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

"நாளைக்கு ஷிஃப்ட் மாத்திக்கிட்டு மீட்டிங்குக்கு வரேன் மேடம்," என்றாள். "பட்டியல்ல நம்மளுது இருக்குன்னு கீழ யாரோ சொன்னாங்க. ஏதோ தப்பா போட்டிருப்பாங்க, இல்ல?"

"ஆமாம்மா. தப்பாத்தான் போட்டிருக்கு," என்றேன். இரண்டாவது 'ஆமா'.

வெள்ளிக்கிழமை தரைத்தளப் படிப்பறையில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். குழுத் தலைவர் ஒரு பல் மருத்துவர், வயதான அம்மாள். ஆட்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். எதிரே நிற்கிறவர் சொல்லாமல் விட்டது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும் போலிருந்தது. இயக்குநர் கணக்கைப் படித்தார். கத்திரித்தாற்போலப் பேசினார். அவர் சொன்னதில் ஒரு பிழை இல்லை. கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நானே அங்கே வாசகியாக உட்கார்ந்திருந்தால் தலையாட்டியிருப்பேன்.

என் முறை வந்தது. கையிலிருந்த மனுவின் முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரியில் எழுத்துகள் நீந்தின. மூன்றாம் வரிசையில் வியாழக்கிழமை வேலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கணக்கு தப்பு," என்றேன். "டைரக்டர் தப்பு பண்ணலை. நான் பண்ணினேன்."

மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, பிய்த்த அறிவிப்பு, இழுப்பறையில் ஏழு வருடம் தூங்கிய ஸ்கேனர், இயக்குநரிடம் சொன்ன பொய், புதன்கிழமை அடித்த எண்பத்துமூன்று. யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த தன் காகிதங்களை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ இதுல எதெல்லாம் படிக்கிறாங்க?" என்று பல் மருத்துவர் கேட்டார்.

"தெரியாதுங்கம்மா. எனக்கும் தெரியாது, கணக்குக்கும் தெரியாது. தெரியாம கூழாக்கக் கூடாது, அவ்வளவுதான் கேக்கறேன். ஒழுங்கா எண்ணுங்க. என்னை வெச்சு எண்ண வேண்டாம்."

"நீங்க இப்ப சொல்றது உண்மைன்னு எப்படி நம்புறது? ஏற்கெனவே ரெண்டு தடவை பொய் சொல்லியிருக்கீங்களே."

அப்போது மூன்றாம் வரிசையில் நாற்காலி உரசுகிற சத்தம் கேட்டது. வியாழக்கிழமை எழுந்து நின்றாள்.

"நான் சொல்றேங்க," என்றாள். குரல் தடுமாறியது. "நான் வந்த முதல் நாள் புத்தகத்தை மேஜையிலேயே வெச்சுட்டுக் கிளம்பினேன். இந்த மேடம் படி வரைக்கும் வந்து கூப்பிட்டாங்க. 'உங்க வீட்ல சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுட்டு எழுந்திரிப்பியா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அன்னிலேருந்து நாலு வருஷமா எடுத்த இடத்துலயே வைக்கிறேன். என் நோட்டுல தேதி போட்டுப் பக்க எண்ணோட எழுதியிருக்கேன், வேணும்னா பாருங்க."

ஆறு நோட்டுகள். அவள் கூடவே கொண்டுவந்திருந்தாள். பல் மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா எழுந்து தன்னையும் அப்படித்தான் திட்டினேன் என்றார். ஓர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், "என்னை ரெண்டு தடவை," என்றார். எனக்கு ஆதரவாகப் பேசியவர்கள் எல்லாரும் நான் திட்டியதைத்தான் சொன்னார்கள். இப்படி ஒரு நற்சான்றிதழ் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

குழு பதினைந்து நிமிடம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. பட்டியல் ரத்து. இரண்டு வருடம் புதிதாக எண்ண வேண்டும். அதுவரை மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புத்தகமும் போகக் கூடாது. என்மேல் துறை விசாரணை முடியும்வரை நான் தரைத்தளத்தில், திரும்பி வரும் புத்தகங்களை வாங்கிவைக்கும் கவுன்ட்டரில் இருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் எனக்கு வேலை இல்லை. சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாளாக நெஞ்சை அழுத்தியது இறங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கவும் செய்தது. புத்தகங்கள் பிழைத்தன, பதினொரு குடும்பங்களின் சான்றும் பிழைத்தது. படிக்கட்டு அடியில் வியாழக்கிழமை நோட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கிட்டப் போனேன். மனுஷ புத்தி அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"நாலு வருஷம், மேடம். காய்ச்சலோடகூட வந்திருக்கேன். அந்தக் கம்ப்யூட்டர்ல நான் ஒரு நாள்கூட வந்ததே இல்லையாமே."

"என் தப்புதாம்மா," என்றேன்.

"எங்கப்பாவைப் பத்தியும் அப்படித்தான் சொன்னாங்க. அப்படி ஒரு ரூமே கிடையாது, அவர் அங்க நின்னதே இல்லைன்னு." பையின் வாயை இழுத்து மூடினாள். "அவங்க வேணும்னே சொன்னாங்க. நீங்க தெரியாம பண்ணிட்டீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம்."

நூலகம் மூடுவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவள் பதினேழாம் தொகுதியைப் பார்க்க மேலே ஏறிப் போனாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன்.